கல் வாங்குவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கனில் வாங்கிய சவரக்கத்தி ஒரே மாதத்தில் தாடையில் முடியைப் பிடித்து இழுக்கிறது, தீட்டுகிற கல் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். முதல் வாரம் சுகமாக மழித்தது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் கத்தி கடையிலிருந்து நல்ல கூரோடுதான் வந்திருக்கிறது. தன் பெயரைக் காக்க 1938-லேயே சட்டம் வாங்கிய ஊர் அது. நல்ல கார்பன் எஃகுக் கத்தி, வாரத்துக்கு நாலு தடவை மழித்தாலும் மூன்று மாதமாவது கல்லைத் தொடாமல் ஓட வேண்டும். கூர் போவது பெரும்பாலும் தோல்வாரிலும் (கத்தியை இழுத்துக் கூரைச் சீராக்கும் பட்டை) ஈரத்திலும்தான்.

வாரிலிருந்து தொடங்கு. மழிப்பதற்கு முன் கேன்வாஸ் பக்கம் 20, தோல் பக்கம் 50. போய் வருவது சேர்த்து ஒன்று. கதவுக் கைப்பிடியில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடி. வார் தொய்ந்தால் தோல் வளைந்து கத்தியின் வாயை, அதாவது கூர்விளிம்பை, சுற்றி ஏறும், கூர் உருண்டுவிடும். கத்தி படுத்தே இருக்கட்டும். முதுகும் வாயும் ஒருசேரத் தோலில் படவேண்டும். சாய்வை முதுகின் தடிமனே பார்த்துக்கொள்ளும், ஆகவே முதுகை ஒரு நூல்கூடத் தூக்காதே. முதுகு முன்னே போகும், வாய் பின்னே வரும். கத்தியின் எடையே போதும், கை எடை வேண்டாம். வார் மூன்று அங்குல அகலம் இருந்தால் நேராக இழு. இரண்டு அங்குலம்தான் என்றால் காம்புப் பக்கம் (வாய் முடிந்து பிடியோடு சேரும் இடம்) தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி குறுக்காக இழு. இல்லாவிட்டால் நுனி தீட்டப்படாமலே கிடக்கும்.

தப்பு நடப்பது திருப்பும் இடத்தில். வாரின் முனைக்கு இரண்டு அங்குலம் இருக்கும்போதே கத்தியை நிறுத்து. நின்ற பிறகு, முதுகு தோலை விட்டு எழாமல், காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டு. வாய் மேலே எழுந்து மறுபக்கம் படுக்கும். மணிக்கட்டு அசையக் கூடாது. ஓட்டத்திலேயே திருப்பினால் வாய் முன்னால் பாய்ந்து தோலில் இறங்கும். தோலில் பிறை மாதிரி ஒரு வெட்டு, கத்தியில் மடங்கிய வாய். உன் வாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். பிறை வெட்டு இருந்தால் உன் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. வெட்டின் ஓரத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, ஒரு மாதம் வேகமே இல்லாமல் இழு.

முகத்தையும் தயார் செய்ய வேண்டும். முடி எஃகைவிட எவ்வளவோ மென்மையானது, ஆனாலும் கத்தி வாயில் பல் விழவைக்கும், அதாவது சிறு துணுக்கு பெயர்ந்து பள்ளமாகும். 2020-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சவர பிளேடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள்: முடி வளைந்து கொடுக்கும்போது, எஃகின் பலவீனமான இடத்தில் துணுக்கு பெயர்கிறது. எனவே வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் தாடியை ஊறவிடு. நுரை காய்ந்தால் மறுபடி போடு. தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சுமார் 30 டிகிரியில் வை. அதற்கு மேல் நிமிர்த்தினால் வெட்டாது, சுரண்டும்.

அடுத்தது ஈரம். கண்ணுக்குத் தெரியும் துரு வருவதற்கு வெகு முன்பே வாய் அரிக்கப்பட்டுவிடும். அந்த அளவுக்கு மெல்லிசு அது. கழுவும்போது குழாயில் தட்டாதே, பிடியின் மூட்டுக்குள் தண்ணீர் போகவிடாதே. துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக ஒற்றி எடு. எதிர்த்திசையில் துடைத்தால் துணியும் கிழியும், விரலும் கிழியும். உங்கள் ஊர் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் வெள்ளைப் புள்ளியாகப் படியும், அதனால் துளி காயும்வரை விடாதே. பிறகு கேன்வாஸில் 10 இழு. துணி எட்டாத ஈரத்தை அது வாங்கிவிடும். அரைமணி நேரம் திறந்தே வைத்துவிட்டு மூடு. குளியலறையில் வைக்கவே வைக்காதே.

நாலைந்து நாள் தொடமாட்டாய் என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாளானால் பிசுக்கும் பிடிக்கும். எண்ணெயைச் சுத்தமாகத் துடைக்காமல் வாரில் வைக்காதே.

இத்தனைக்குப் பிறகும் இழுத்தால், பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை வாங்கி, பால்சா என்கிற மெத்தென்ற மரத் துண்டு ஒன்றில் மெல்லிசாகத் தடவு. அதில் 10 முதல் 15, அப்புறம் சுத்தமான தோலில் 50. தினசரி வாரில் பசையைத் தடவிவிடாதே, பிறகு அதை எடுக்க முடியாது. பசையும் பல தடவைக்குப் பிறகு கைவிடும், ஏனென்றால் கூரின் சரிவு மெல்ல உருண்டுகொண்டே வரும். கல்லுக்கு அப்போதுதான் வேலை: 12000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசு), மேலே தண்ணீர், இந்த முறை வாய் முன்னே போகவேண்டும், இலேசான கையில் 10, 15 தடவை. பல் விழுந்திருந்தால் இது போதாது, 1000-லிருந்து தொடங்க வேண்டும். அதை நீ செய்ய வேண்டாம், சோலிங்கனிலேயே கொடுத்துவிடு. டுசல்டார்ஃபிலிருந்து எஸ்1 ரயில் நேராகப் போகிறது.

பொங்கலுக்கு வரும்போது கத்தியைக் கைப்பையில் வைத்துவிடாதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். எண்ணெய் பூசி, செக்-இன் பெட்டியில் வை. வாரையும் சுருட்டி எடுத்து வா, மடித்து வைக்காதே.

அன்புடன்,
அப்பா