முதலாம் உறுப்புரையில் உள்ள ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் 21, இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச தினத்துக்கு நீங்கள் எழுதிய தலையங்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில்லில் 1960 ஆம் ஆண்டு அதே நாளில், கறுப்பின மக்கள் நடமாடுவதற்கே அனுமதிப் புத்தகம் கேட்ட சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேரைப் பொலிசார் சுட்டுக் கொன்றதில் தொடங்கி, எங்கள் 1956 தனிச்சிங்களச் சட்டம், 1981 யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 யூலையில் தமிழர் மீது நடந்த வன்முறை என்று வந்து, சர்வதேசம் இனியாவது கண்ணைத் திறக்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். நீங்கள் எழுதிய எதையும் நான் மறுக்கவில்லை. எழுதாமல் விட்டதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் சமூகக்கல்வி படிப்பித்தவள். அந்தத் தினத்துக்குப் பின்னால் எல்லா வகையான இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. சமவாயம், அதாவது நாடுகள் சேர்ந்து ஏற்ற ஓர் உடன்படிக்கை, இருக்கிறது, அதன் கதையை வகுப்பில் விருப்பத்தோடு சொல்லுவேன். 1959 நத்தாருக்கு முதல் நாள் இரவு, ஜேர்மனியின் கொலோன் நகரத்து யூத ஆலயச் சுவரில் யாரோ ஸ்வஸ்திகா கீறிவிட்டுப் போனார்கள். சில வாரங்களுக்குள் வேறு பல நாடுகளிலும் அதே சின்னம், அதே வசவுகள். நியூரம்பேர்க்கில் நாசித் தலைவர்களுக்குத் தீர்ப்பு வழங்கி அப்போது பதின்மூன்று வருடம்தான். தலைவர்களைத் தூக்கில் போட்டாயிற்று, ஆனால் அவர்கள் ஊட்டிய எண்ணம் சாகவில்லை என்று உலகம் பயந்தது. புதிதாக விடுதலை பெற்ற ஆபிரிக்க நாடுகள் தென்னாபிரிக்காவின் இன ஒதுக்கலையும் சேர்த்துக் கேட்டன. 1963 இல் ஐ.நா. பொதுச்சபை ஒரு பிரகடனம் செய்தது, 1965 டிசம்பர் 21 இல் சமவாயத்தையே நிறைவேற்றியது. 1969 இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1982 பெப்ரவரியில் இணைந்தது, நூலகம் எரிந்து ஒரு வருடம் கூட ஆகாத நேரத்தில். அடுத்த வருடம் என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஓர் இனம் மற்றதைவிட உயர்ந்தது என்று பரப்புவதையும் அதற்காக அமைப்புக் கட்டுவதையும் தண்டிக்க வேண்டும் என்கிறது அதன் நான்காம் உறுப்புரை. அரசாங்கத்தின் கையில் இப்படியான அதிகாரம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் இங்கே பார்த்துவிட்டோம். வேறொரு சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் 2007 இல் கொண்டுவந்த சட்டத்தை வைத்து, 2019 இல் ஒரு சிங்கள எழுத்தாளரைச் சிறுகதை எழுதியதற்காக மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். வெறுப்பைப் பேசுகிறவர்களைப் பிடிக்க வந்த சட்டம் கதை எழுதினவரைப் பிடித்தது.

சரி, நான் சொல்ல வந்தது முதலாம் உறுப்புரையை. இனப்பாகுபாடு என்றால் என்ன என்று அது விளக்கும்போது இனம், நிறம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவதாக வம்சாவளி என்கிறது, அதன் பிறகுதான் தேசிய அல்லது இனத்துவ மூலம் வருகிறது. அந்த மூன்றாவது சொல்லைச் சேர்க்கும்படி கேட்டது இந்தியா. 2001 இல் இனவாதத்துக்கு எதிராக ஐ.நா. கூட்டிய டர்பன் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து தலித் செயற்பாட்டாளர்கள் திரண்டு போய், சாதியையும் இறுதி ஆவணத்தில் எழுதுங்கள் என்று மன்றாடியபோது அதை எதிர்த்து நின்றதும் அதே இந்திய அரசுதான். ஆவணத்தில் சாதி இடம்பெறவில்லை. ஆனால் சமவாயத்தைக் கண்காணிக்கும் குழு அடுத்த வருடமே, 2002 இல், தனது 29 ஆம் பொதுப் பரிந்துரையில் வம்சாவளி என்பதற்குள் சாதியும் அடங்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிட்டது.

அப்படியென்றால், நீதி கேட்டு ஜெனீவாவில் ஐ.நா.விடம் நாங்கள் தூக்கிக்கொண்டு போகிற அதே சமவாயம் எங்கள் வளவுக்குள்ளும் வருகிறது.

நான் பிறந்த 1957 இல்தான், சாதியின் பெயரால் ஆட்களை ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. எனக்கு ஏழு வயதாகும்போதும் எங்கள் கிணற்றடிப் பூவரசின் கவட்டில் ஒரு சிரட்டை சொருகியிருந்தது. வேலி அடைக்க வருகிறவர் அதில்தான் தேத்தண்ணி குடிப்பார். குடித்துவிட்டுத் தானே கழுவி, தானே திரும்பச் சொருகிவிட்டுப் போவார். ஒரு நாள் நான் ஆசையாக நாங்கள் குடிக்கிற மூக்குப்பேணியில் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "பிள்ளை, சிரட்டையை எடுத்து அதுக்குள்ள வாருங்கோ, அம்மம்மா பேசப் போறா" என்றார். என் தாத்தா வயது அவருக்கு. அவர் என்னை நீங்கள் என்றார், நான் அவரைப் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. நூலகத்தில் எரிந்த தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களுக்காக அழுத நாங்கள் இந்தச் சிரட்டையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பழங்கதை என்பீர்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் போக முயன்றபோது வாசலை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். தமிழருக்குத் தனி ஈழம் வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் அவரும் ஒருவர். அதையும் பழசு என்று தள்ளலாம். 2018 இல் தென்மராட்சியில் ஒரு கோவில் தேரை மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தால் இழுத்த படத்தை எல்லோரும் பார்த்தோமே? ஆள் போதவில்லை என்று விளக்கம் வந்தது. வடம் பிடிக்க ஆசையோடு எத்தனையோ பேர் இருக்கிற ஊரில் எந்த ஆள் போதவில்லை என்று என் அயலில் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

1990 ஒக்ரோபர் 30 ஐயும் உங்கள் தலையங்கத்தில் தேடினேன். அன்றைக்கு யாழ்ப்பாணம் சோனகத் தெரு முஸ்லிம் மக்களுக்கு ஊரை விட்டு வெளியேறக் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் எழுபதாயிரம் பேருக்கு மேல் அந்த மாதத்தில் விரட்டப்பட்டார்கள், புலிகளால், எங்கள் பெயரில். அங்கே ஒரு தையல்காரரிடம் நான் இரண்டு சட்டைத் துணி கொடுத்திருந்தேன். பின்னேரம் அந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு பொதியை என்னிடம் தந்தார். வெட்டாத துணி, என் அளவு எழுதின துண்டு, நான் கொடுத்த முற்பணம். கையில் கொஞ்சக் காசுக்கு மேல் கொண்டுபோக விடாத அன்று, ரீச்சரின் காசைத் திருப்பிக் கொடுக்க அந்த மனுசனுக்கு நேரம் இருந்திருக்கிறது. நான் அடுத்த நாள் பள்ளிக்கூடம் போய் வழமை போலப் படிப்பித்தேன். ஓய்வறையிலும் ஒருவர் கூட அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பயம் உண்மைதான், ஒரு சொல்லுக்கே ஆட்கள் காணாமல் போன காலம். ஆனாலும் ஒரே இனம், ஒரே தலைமை, மாற்றுக் கருத்துச் சொன்னவன் துரோகி என்ற அந்த எண்ணம் சிங்கள இனவாதிகளிடம் மட்டும் இருந்ததாக இன்றும் எழுதிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைச் சொன்னால் எங்கள் வழக்குப் பலவீனப்படும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் மீது நடந்ததற்கு நீதி கேட்கிற உரிமை இதனால் ஒரு துளியும் குறையாது, அது வேறு கணக்கு. ஒரு சமவாயத்தின் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சொல்லை மறைக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்தத் தலையங்கம் வந்த அதே பத்திரிகையின் மணமக்கள் பகுதியில், "இந்து உயர் வேளாளர், கனடாவில் நிரந்தர வதிவிடம்" என்ற பாணியில் ஏழு விளம்பரங்களை எண்ணினேன். அந்த விளம்பரங்கள் இல்லாவிட்டால் வருமானம் குறையும் என்று தெரியும். குறைந்தது சாதிப் பெயரை அச்சில் ஏற்காதீர்கள். ஒக்ரோபர் 30 க்கு ஒரு தலையங்கம் எழுதுங்கள். முதலாம் உறுப்புரையை அந்த மூன்றாவது சொல்லோடு முழுமையாகத் தமிழில் போடுங்கள், வெட்டியெடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டுகிற அளவில் இருந்தால் நல்லது. என்னிடம் படித்து இப்போது படிப்பிக்கிறவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.