வேன விட்டுட்டோம் தம்பி

தம்பி,

நல்லா இருக்கியா. போன்ல பேசுனா நீ பாதியிலயே "சரிப்பா சரிப்பா"ன்னு வெட்டிடுவ, அதான் டைப் பண்ணி அனுப்புறேன், ராத்திரி பொறுமையா படி.

முதல்ல ஒரு விஷயத்த ஒத்துக்கிறேன். நீ அவ்ளோ காசு கட்டி அனுப்புன காத்மாண்டு டூர்ல நாகர்கோட் மலையில சூரிய உதயம் மட்டும் நாங்க பாக்கல. தப்பு என்னோடதுதான். விடியக்காலம் நாலு மணிக்கு வேன், ஒருத்தருக்காகவும் நிக்காதுன்னு முந்தின நாளே சொல்லிட்டாங்க. நான் 3:50க்கே உங்கம்மாவ கூட்டிட்டு வாசல்ல நிக்கிறேன், வேனக் காணோம். அப்புறந்தான் ஹோட்டல் பையன் சொல்றான், நேபாளத்துல மணி நம்ம ஊர விட 15 நிமிஷம் முன்னாடியாம். என் எச்எம்டி வாட்ச்சுல 3:50ன்னா அவங்களுக்கு 4:05. 31 வருஷம் கண்டக்டரா இருந்து ஓடி வர்றவங்கள எத்தன பேர விட்டுட்டு விசில் அடிச்சிருப்பீங்க, அந்தப் பாவந்தான்னு உங்கம்மா ஒரே சிரிப்பு.

சரின்னு விடிஞ்சதும் தாமெல்ல இருந்து நடக்க ஆரம்பிச்சோம். நாங்க தங்குன தாமெல் ஏரியா முழுக்க வெள்ளக்காரனுக்குப் போட்ட கடைங்க, மலையேறுற ஷூ, ஜாக்கெட், அதப் பத்தி எழுத ஒண்ணுமில்ல. தெக்கால பத்து நிமிஷம் நடந்தா ஊரே வேற. பங்கேமுடான்னு ஒரு முக்கு, அங்க பல்வலிக்குன்னே ஒரு சாமி இருக்குடா! சாமின்னா சிலையெல்லாம் இல்ல, செவுத்துல ஒரு மரக்கட்ட, அது தெரியாத அளவுக்கு மேல மேல ஆணியும் காசுமா அடிச்சு வச்சிருக்காங்க, பல்லு வலிச்சா ஒரு காச வச்சு ஆணி அடிச்சா சரியாயிடுமாம். உங்கம்மாவுக்கு மூணு மாசமா கடைவாய்ப் பல்லு வலின்னு உனக்கே தெரியும், நீயும் டாக்டர்கிட்ட போ போன்னு சொல்லி அலுத்துட்ட. அவ அந்தக் கட்ட முன்னாடி நின்ன நிலையப் பாக்கணுமே.

அங்கருந்து அசன். ஆறு தெரு வந்து கூடுற சந்த, நடுவுல அன்னபூர்ணா கோயில், சுத்தி மசாலா, கருவாடு, பித்தளப் பாத்திரம், முதுகுல மூட்டயக் கட்டி அந்தப் பட்டைய நெத்தியில மாட்டிட்டு ஆளுங்க குனிஞ்சே ஓடுறாங்க, நாமதான் ஒதுங்கணும். ஒரு டீக்கடையில செல் ரொட்டி தின்னோம், அரிசி மாவுல வளையலாட்டம் சுட்டு எடுக்குறது, நம்ம அதிரசத்துக்கு சித்தி மகன்னு வச்சுக்கோ. அடுத்து இந்திரா சௌக்ல பாசிமணிச் சந்து. கல்யாணமான பொம்பளைங்க அங்க போத்தேன்னு பாசிமணி மால போட்டுக்குறாங்க, நம்மளுக்குத் தாலி மாதிரி. உங்கம்மா பச்சையில ஒண்ணு வாங்கிட்டா, பேரம் பேசுனது தமிழ்ல, ஜெயிச்சதும் அவதான்.

பசந்தபூர் சதுக்கத்துல காஷ்டமண்டபம்னு ஒரு பழைய மர மண்டபம் பாத்தோம். ஊருக்கே பேரு அதுலருந்துதான் வந்துச்சாம். 2015 ஏப்ரல் பூகம்பத்துல அப்படியே தரையோட தரையாப் போயிடுச்சு, இப்ப பழையபடி மரத்துலயே எழுப்பியிருக்காங்க. உள்ள போயி ஒரு தூண்ல சாஞ்சு கொஞ்ச நேரம் உக்காந்தோம், உங்கம்மா வாயே திறக்கல.

மத்தியானம் பாட்டன்ங்கிற பக்கத்து ஊருக்கு சஃபா டெம்போல போனோம், இதத்தான் உன்கிட்ட சொல்லணும்னு துடிச்சேன். பேட்டரியில ஓடுற மூணு சக்கர வண்டி, 1999ல டீசல் விக்ரம் டெம்போவ தடை பண்ணதுக்கப்புறம் இது நெறைய வந்துச்சாம். எங்க வண்டி ஓட்டுனது ஒரு அக்கா. கண்டக்டரே கிடையாதுடா! எறங்கணும்னா மேல கூரையத் தட்டணும், எறங்கிப் போயி டிரைவர் கையில காசு குடுக்கணும், ஒருத்தரும் ஏமாத்தல. நான் பாட்டுக்கு எல்லாரும் எறங்குறத எண்ணிட்டே உக்காந்திருந்தேன், பழக்கம் விடுமா. நம்ம ஸ்டாப்ல நானே தட்டுனேன்.

பாட்டன்ல அரண்மனை பக்கத்துல படி எறங்கிப் போனா தரைக்குக் கீழ மங்கா ஹிட்டின்னு மகர வாய்க் கல் குழாய். லிச்சவின்னு பழைய ராஜா வம்சத்துக் காலத்துதாம், இன்னைக்கும் தண்ணி கொட்டுது, ஜனங்க கேனோட வரிசையில நிக்கிறாங்க. நம்ம தெருவுல லாரித் தண்ணிக்கு நின்னது ஞாபகம் வந்துடுச்சு.

ஆங், விட்டுட்டேன் பாரு. அந்தப் பல்வலிச் சாமிக்குப் பக்கத்துல தெரு நெடுக பல் டாக்டர் கடைங்கதான், கண்ணாடிப் பெட்டியில பல்செட்ட அடுக்கி வச்சிருக்கான். உங்கம்மா சாமியையும் பாத்தா, கடையையும் பாத்தா, "சாமியே நம்பாமத்தான் பக்கத்துல இத்தன டாக்டர வச்சிருக்கு"ன்னுட்டா. நாங்க ஞாயித்துக்கிழம வந்துடுவோம், திங்கக்கிழமைக்கே ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டு வை, அவ மனசு மாறுறதுக்குள்ள.

அப்பா