எடையும் வலியும் திரும்பி வந்தபோது கூட நின்றவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

உடல் எடையைக் குறைக்கச் செய்யும் இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் முடிந்து பல வருடங்கள் ஆன பிறகு எதற்கு ஒரு நன்றி மடல் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆபரேஷன் முடிந்த கையோடு நன்றி சொல்வது சுலபம். எடை மளமளவென்று இறங்கும், முழங்கால் வலி விட்டுப்போகும், பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றுவது அதற்கப்புறம் வந்த காலத்துக்கு. இறங்கிய எடையில் ஒரு பங்கு மெல்லத் திரும்பி ஏறியது. கூடவே முழங்கால் வலியும், இடுப்பிலிருந்து கால் வரை சுண்டியிழுக்கும் நரம்பு வலியும் வந்து உட்கார்ந்துகொண்டன. பாராட்ட ஆள் இல்லாத அந்த நாட்களில் கூட இருந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மருந்துக்கடைத் தம்பிக்கு. (டாக்டர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்தது நீங்கள்தான்.) மூட்டு வலிக்காக வேறொரு கிளினிக்கில் எழுதி வாங்கிய சீட்டை நீட்டினேன். கூடவே வழக்கமாக வாங்கும் பி12, இரும்புச் சத்து, கால்சியம் சிட்ரேட் மாத்திரைகளையும் கேட்டேன். சீட்டில் இருந்த டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தவர் அதை வெட்டாமல் நிறுத்திவிட்டு, மற்ற மூன்றையும் ஒருமுறை பார்த்தார். "அம்மா, உங்களுக்கு வயித்துல ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா? பைபாஸ் மாதிரி?" சீட்டு எழுதியவர் கேட்காத கேள்வி அது. வாங்கும் சத்து மாத்திரைகளை வைத்தே ஊகித்துவிட்டார்.

அவர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், என் நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படும். பைபாஸில் சின்னதாக்கப்பட்ட இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். அந்தக் குடல் பகுதி அமிலத்துக்குப் பழகியதில்லை. டைக்ளோபினாக், ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருள் உடலில் சுரப்பதையே குறைத்துவிடுவதால், இணைப்பு இருக்கும் இடத்தில் புண் வரும் வாய்ப்பு கூடுகிறது. புண் இரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். "அப்போ ஊசியா போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். இரத்தத்தில் கலந்துதான் அந்த மருந்து வேலை செய்கிறது, ஊசி போட்டாலும் ஆபத்து ஆபத்துதான் என்றார். பாராசிட்டமாலை உரிய அளவில் எடுக்கலாம், மேலே தடவும் ஜெல்லை டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சொல்லி, சீட்டை எழுதிய டாக்டருக்கு அவரே போன் போட்டுப் பேசினார்.

அதோடு விட்டாரா? நான் சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் கேட்டார். நரம்பு வலிக்குப் பிரிகாபலின், தூக்கமும் வரும் என்று இரவில் அமிட்ரிப்டிலின். "இது ரெண்டுமே சிலருக்கு வெயிட் ஏத்தும்மா, யாராவது சொன்னாங்களா?" யாரும் சொல்லவில்லை. வலிக்கு ஒரு இடம், எடைக்கு ஒரு இடம் என்று நான் அலைந்துகொண்டிருக்க, வலியால் நடை குறைந்து எடை ஏறுகிறது, வலிக்கான மருந்தாலும் எடை ஏறுகிறது, ஏறிய எடை மறுபடி முழங்காலில் இறங்குகிறது என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். "நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு விடக்கூடாத மருந்து" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். தம்பி, உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

அடுத்து, எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கு. "இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷனை வீணாக்கிட்டீங்களே" என்று வேறொரு இடத்தில் கேட்டுவிட்டு வந்த மனதோடுதான் உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் முதலில் எண்டோஸ்கோப்பி செய்து, புண் இருக்கிறதா, இணைப்பு விரிந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். அப்புறம் ஒரு தாளை எடுத்து ஸ்வீடன் ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். 1987இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. அதில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை இழந்தார்கள், பத்தாவது வருடம் அது 25 சதவீதமாக நின்றது. நூறு கிலோ இருந்தவர் 68க்கு வந்து பிறகு 75இல் நிற்பது போல என்று நீங்கள் எழுதிக் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கொஞ்சம் திரும்புவது எதிர்பார்த்ததுதான், உடல் பசியைக் கூட்டியும் செலவிடும் சக்தியைக் குறைத்தும் பழைய எடைக்குப் போகப் பார்க்கும், அளவுக்கு மேல் போனால் அதற்கு மருந்தும் உண்டு, வழியும் உண்டு என்றீர்கள். நரம்பு வலி மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எடையை அவ்வளவாகத் தொடாத வேறொன்றுக்கு மாற்றியதும் நீங்களும் நரம்பியல் டாக்டரும் பேசி முடிவெடுத்ததுதான்.

டயட்டீஷியன் மேடத்துக்கு நன்றி. உங்கள் அறைக்குள் வரவே பயந்தேன். என்ன சாப்பிட்டேன் என்பதற்கு முன்னால் எப்போது தூங்குகிறேன், இரவில் வலி எத்தனை முறை எழுப்புகிறது என்று கேட்டீர்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது வலியும் தூக்கமின்மையும் இழுத்து வந்த பழக்கம் என்று கண்டுபிடித்தது நீங்கள். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மிகக் குறைவு என்று தெரியவந்ததும் உங்களால்தான். எலும்பே வலிக்கும் அளவுக்கு அது குறையலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தொடை வலியில் பாதி அதைச் சரிசெய்ததிலேயே போனது.

பிசியோதெரபி தங்கச்சி, உன்னைத் திட்டிக்கொண்டேதான் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்று நீ சொன்ன கணக்கு மனதில் ஒட்டிக்கொண்டது. பெரிய எண்ணைத் துரத்தாமல் இரண்டு கிலோவுக்குச் சந்தோஷப்பட அதுதான் சொல்லிக்கொடுத்தது. வலி அதிகமான வாரங்களில் மார்பளவுத் தண்ணீரில் நடக்கவைத்தாய். அதில் மட்டும் எனக்குப் புகார் கிடையாது.

என்னைப் போல இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடும் எங்கள் குழுவில் இருக்கும் அக்காமார், தோழர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி. எடை திரும்பியதும் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தியிருந்தேன். "நாங்க என்ன உன்னைத் தராசுல நிக்க வைக்கவா கூப்பிடுறோம்?" என்று பெரியக்கா போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்கு என் கதைதான்.

வீட்டில் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன், இங்கே எழுதினால் என் கணவர் கூச்சப்படுவார்.

இப்போதைய நிலவரம்: ஏறியதில் ஒரு பகுதி இறங்கியிருக்கிறது, மீதி இருக்கிறது. முழங்கால் முழுசாகச் சரியாகவில்லை, மாடிப்படியில் கைப்பிடி வேண்டும். பாராசிட்டமால் எப்போதாவதுதான். "பைபாஸ் செய்தவர், டைக்ளோபினாக், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரை கூடாது" என்று மருந்துக்கடைத் தம்பி எழுதிக்கொடுத்த சீட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் அதைப் பார்த்து ஒன்று எழுதிக் கொடுத்தாயிற்று. டாக்டர், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்கள் வரவேற்பறையில் வைக்கவும் ஒரு கட்டு கொண்டுவருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பழைய நோயாளி