நீ அனுப்பின பாரச்சட்டை

முரசுமோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

தங்கச்சி கரப்பந்துக்குக் குதிச்சுப் பழக எண்டு நீ அனுப்பின, இரும்புத் துண்டுகள் வைச்ச பாரச்சட்டை வந்து சேர்ந்து கொஞ்சக் காலமாச்சு. பெட்டியைப் பிரிச்ச கையோட தங்கச்சி அதைப் போட்டுக்கொண்டு முத்தத்தில நாலு தரம் குதிச்சுக் காட்டினாள். அண்ணன் அனுப்பினது எண்டு அவளுக்கு நிலத்தில கால் படேல்லை. நான் சட்டையை நெல்லு நிறுக்கிற தராசில வைச்சுப் பாத்தன், 10 கிலோ. பிறகு அவளை ஏத்தினன், 42 கிலோ. அண்டைக்குப் பின்னேரமே சட்டையைக் கழட்டுவிச்சு அலுமாரிக்கு மேல வைச்சிட்டன். மூண்டு நாள் அவள் என்னோட கதைக்கேல்லை. குளிருக்க நிண்டு உழைச்ச காசில வாங்கினனீ, உனக்கும் மனவருத்தமா இருக்கும். ஃபோனில சொன்னால் இடையில குரல் உடைஞ்சிடும் எண்டுதான் எழுதுறன்.

உன்ர வலது முழங்காலுக்குக் கீழ ஒரு முண்டு இருக்கெல்லே. முழந்தாளில இருந்தால் இப்பவும் நோகுது எண்டு போன வருசம் சொன்னனீ. அது நான் தந்தது, தம்பி.

2012ஆம் ஆண்டு. திரும்பி வந்து குடியேறி இரண்டு வருசம். தங்கச்சி அப்ப ஏணையில. உனக்கு 13 வயசு. புதுக் களிசான் வாங்கி மூண்டு மாசத்தில கணுக்காலுக்கு மேல ஏறிப்போச்சு, அப்பிடி வளர்ந்தனீ. சனசமூக நிலையத்து வளவில திரும்பவும் கரப்பந்து வலை கட்டின புதுசு. பெரிய ஆக்களின்ர 2.43 மீற்றர் வலைக்கு மேல என்ர பிள்ளையின்ர கை தெரியவேணும் எண்டு எனக்கு ஒரு வெறி. பழைய களிசான் காலை வெட்டி, வாய்க்கால் மணலை நிரப்பித் தைச்சு, இரண்டு கணுக்காலிலயும் கட்டினன். நெல்லுக் காயப்போடுற சீமெந்துத் தளத்தில நாளுக்கு 100 குதி. என்ர காலத்தில நாங்களும் அப்பிடித்தான் செய்தனாங்கள். கழட்டின உடன கால் பஞ்சு மாதிரி இருக்கும், பறக்கிறம் எண்டு நினைப்பம். உண்மையில எவ்வளவு உயரம் கூடினது எண்டு ஒருத்தரும் சுவரில கோடு போட்டுப் பாக்கேல்லை.

நோகுது எண்டு நீ சொன்னனீ. "வளர்ற வயசு நோ, குதிக்கக் குதிக்க மாறும்" எண்டன் நான். நாலு மாசத்துக்குப் பிறகு நொண்டத் தொடங்கினாப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். ஓஸ்குட் ஷ்லாட்டர் எண்டு டொக்ரர் ஒரு பேர் சொல்லி, துண்டில கீறி விளங்கப்படுத்தினார். தொடையின்ர பெரிய தசை முழங்கால் சில்லைத் தாண்டி வந்து கால் எலும்பின்ர மேல்முனையில நாராய்ப் பிடிச்சிருக்கு. வளர்ற பிள்ளைக்கு அந்த இடம் இன்னும் குருத்து. எலும்பு கிடுகிடெண்டு நீளேக்க தசை இறுகி நிக்கும். ஒவ்வொரு குதியும் அந்தக் குருத்தைப் பிடிச்சு இழுக்கும். வளர்ச்சி முடிய அநேகமா நோ அடங்கும், முண்டு அப்பிடியே நிண்டிடும் எண்டார். நான் அந்தத் துண்டை மடிச்சுச் சேர்ட்டுப் பொக்கற்றுக்க வைச்சுக்கொண்டு, வரும் வழி முழுக்க உன்னைச் சைக்கிளில இருத்தி உருட்டிக்கொண்டு வந்தனான். ஞாபகம் இருக்கோ தெரியாது.

கணுக்காலில பாரம் கட்டுறது இன்னும் பிழை. மண்வெட்டியைப் பிடி நுனியில பிடிச்சுத் தூக்கிப் பார், தகடு எவ்வளவு பாரமா இருக்கும். அந்த மாதிரித்தான் நுனியில கட்டின ஒரு கிலோவை முழங்காலும் இடுப்பும் சுமக்கும். காலை வீசுற விதமே மாறிப்போகும். நீ அனுப்பின சட்டை நெஞ்சோட கிடக்கிறபடியால் அந்தக் குறை அதுக்கு இல்லை. ஆனால் அவளின்ர நிறையில காவாசிக்குக் கிட்ட அது.

அவளின்ர விளையாட்டு ரீச்சர் அவள் அடிச்சிட்டு இறங்கிறதை ஃபோனில மெதுவா ஓடவிட்டுக் காட்டினா. ஏறேக்க வடிவா ஏறுறாள். இறங்கேக்க இரண்டு முழங்காலும் ஒண்டையொண்டு முட்டப் போற மாதிரி உள்ளுக்கு விழுது. முழங்காலுக்குள்ள குறுக்கா இருக்கிற நார் அறுகிறது பொடியளை விடப் பெட்டையளுக்குக் கூட, அது அநேகமா இப்பிடி இறங்கிற நேரத்திலதான் எண்டா. இந்தக் காலுக்கு மேல 10 கிலோவை எப்பிடி ஏத்துறது?

ஒருநாள் பின்னேரம் பயிற்சி பாக்கப் போகேக்க ஒரு பொக்கற் நிறையப் புளியங்கொட்டை கொண்டு போனன். அவள் ஒருக்காக் குதிக்க ஒரு கொட்டையை மற்றப் பொக்கற்றுக்க போட்டன். அடி, புளொக், சேர்விஸ் எல்லாம் சேர்த்து 118 கொட்டை. பாரம் இல்லாமலே அவளின்ர கால் அவ்வளவு சுமக்குது. உனக்கு நான் 100 குதி சொல்லேக்க, நீ அண்டைக்கு வளவில ஏற்கெனவே எத்தினை தரம் குதிச்சனீ எண்டு எண்ணேல்லை.

இப்ப செவ்வாயும் சனியும் மட்டும்தான் குதிக்கிற பயிற்சி, சீமெந்தில இல்லை, கிணத்தடிக்குப் பக்கத்து மண்ணில. ஒரு அடி உயரக் கல்லில இருந்து இறங்கி, முழங்கால் பாதத்துக்கு நேரா நிக்க, மூண்டு எண்ணுமட்டும் அசையாமல் நிப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்து கேப்பன். முதல் கிழமை தொப்பெண்டு விழுற சத்தம். இப்ப பூனை மதிலால இறங்கின மாதிரி. தையில அவள் குதிச்ச உயரம் 31 சென்ரிமீற்றர், இப்ப 36. ஒரு கல்லுப் பாரமும் கட்டேல்லை. பொம்பிளையளின்ர வலை 2.24 மீற்றர், அதுக்கு மேல அரைச்சாண் கை தெரியுது. சுவரில கரிக்கோடு இருக்கு, வந்து பார்.

சட்டையை நான் எறியமாட்டன். வளர்ச்சி அடங்கி, இறங்கிறது பழகினாப் பிறகு 2 கிலோவோட தொடங்கலாம், அது நிறையில நூற்றுக்கு ஐஞ்சு வரும், குதிக்கிற உயரம் குறைஞ்ச உடன நிப்பாட்டவேணும் எண்டு ரீச்சர் சொன்னா. மிச்ச இரும்புத் துண்டுகளை இப்பவே கழட்டி வேற பையில கட்டி வைச்சிட்டன். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அவளை வாசல் நிலையோட நிப்பாட்டிக் கோடு போடுறன். கோடுகள் நெருங்கட்டும், சட்டை இறங்கும்.

அந்த நிலையில உன்ர கோடுகளும் இருக்கு. 2012இல போட்டதுகள் ஒண்டுக்கொண்டு நல்ல இடைவெளி. அம்மாதான் போட்டவ. நான் அதைத் தாண்டித்தான் தினமும் மணல் பையோட வெளிய வந்தனான்.

அடுத்த ஞாயிறு வீடியோவில வரேக்க அம்மா அடுப்படிக்குப் போனாப் பிறகு களிசானை மடிச்சு அந்த முழங்காலைக் காட்டு. நான் பாக்கவேணும். அங்க ஒரு டொக்ரரிட்டயும் காட்டு, செலவைப் பாக்காத.

அன்புடன்,
அப்பா