ஏரி நடுவில் ஒரு விடியல்

சொடன்கூலா, பின்லாந்து
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் அனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

நேற்று காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போனார். இங்கே இப்போது சூரியன் எழப் பத்து மணியாகும். மைனஸ் 28 டிகிரி. இமை முடியெல்லாம் பனி. அவர் கையில் ஒரு சின்ன ரேடியோ. கம்பிச் சுருள், ஆம்ப்ளிஃபையர், ஹெட்போன், அவ்வளவுதான். கரண்டு கம்பி அருகில் இருந்தால் உறுமல் மட்டும்தான் கேட்குமாம், அதனால்தான் ஏரி நடுவுக்கு.

முதலில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிப் படபடப்பு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஐப்பசி மழையில் நீங்கள் செய்தி கேட்கும்போது மின்னலுக்கு மின்னல் ரேடியோ கரகரக்குமே, அதேதான்! இங்கே வானத்தில் மேகமே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டிய மின்னல்களாம்.

அப்புறம் அதற்கு மேலே 'ஊயிக், ஊயிக்' என்று ஏறி ஏறிப் போகும் குரல்கள். நம் வேப்பமரத்தில் விடியலில் பறவைகள் கூட்டமாகக் கத்துமே, அப்படி. இதற்கு 'கோரஸ்' என்றே பெயர். பூமியின் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் எழுப்பும் ரேடியோ அலைகள். வினாடிக்குச் சில ஆயிரம் தடவை துடிப்பதால், ஹெட்போனில் அப்படியே கேட்கலாம். தலைக்கு மேல் துருவ ஒளியின் பச்சைத் திட்டுகள் அணைந்து அணைந்து எரிந்தன. இதே வகை அலைகள் எலக்ட்ரான்களைத் தட்டிக் கீழே தள்ளுவதால்தான் வானம் அப்படி மினுக்குகிறதாம். நான் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

ஒரே ஒரு தடவை நீளமாக ஒரு விசில், மேலிருந்து கீழே இறங்கியது. மின்னலின் அலை காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்கு ஏறி, பூமியின் மறுபாதியில் இறங்கும். உச்சக் குரல் முந்திவிடும், தாழ்ந்த குரல் பிந்தும். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட ஜெர்மானியர்கள் இதைக் கேட்டுக் குண்டு பறக்கிறது என்றார்களாம். 1953-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டோரி என்ற ஆய்வாளர்தான் காரணத்தை விளக்கினார்.

நம் திருநெல்வேலியில் இதைக் கேட்க முடியாது அப்பா. காந்த நடுக்கோடு நம் பக்கமாகத்தான் போகிறது. அங்கே காந்தக் கோடுகள் தரையோடு படுத்துக் கிடக்கின்றன. அதனால் பதிவு செய்து அண்ணனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள். விசில் 14-ஆவது நிமிடத்தில் வரும்.

உங்கள் மகள்