ஊரைப் பிடிப்பது சுலபம், தூது போவதுதான் கஷ்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், போனில் பையன்கள் விளையாடும் போர் விளையாட்டுகளை எல்லாம் தடை செய்ய வேண்டும், அவை வெட்டு குத்தைத் தவிர வேறெதையும் சொல்லித் தருவதில்லை என்று எழுதியிருந்தார். பாதி விளையாட்டுகளுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டாரே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், வயது நாற்பத்து மூன்று. இந்த வயதுப் பெண் கம்ப்யூட்டர் கேம் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். பழைய ரோமானியர் காலத்துப் போர் விளையாட்டான 'ரோம்: டோட்டல் வார்' 2004-ல் வந்தது, அடுத்த வருஷமே என் தம்பி எங்கிருந்தோ அதன் சிடியைக் கொண்டு வந்தான், கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் விளையாட ஆரம்பித்தவள் இன்றுவரை விடவில்லை. 2018-ல் அது ஆண்ட்ராய்டு போனுக்கும் வந்தது. இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகனும் அதில்தான் கிடக்கிறான்.

கதை கி.மு. 270-ல் ஆரம்பிக்கும். ஒரு டர்ன், அதாவது நாம் காய் நகர்த்துகிற ஒரு முறை என்றால் அரை வருஷம், கோடை ஒன்று, குளிர்காலம் ஒன்று. ரோமானியர்களில் ஜூலியஸ் குடும்பத்தை நம் பக்கமாக எடுத்துக்கொண்டால் வட இத்தாலியில் அரேட்டியம், அரிமினம் என்று இரண்டே ஊர் கையில் இருக்கும். ரோமின் ஆட்சி மன்றமான செனட் முதல் வேலையாகச் செகெஸ்டாவைப் பிடிக்கச் சொல்லும். அது யாருக்கும் சொந்தமில்லாத ஊர், பிடித்தால் கேட்க ஆள் கிடையாது. அதற்கு மேலே மெடியோலானம், இன்றைய மிலான். கிழக்கே பட்டாவியம். இரண்டும் காலியர்களிடம் இருக்கும், அதாவது நம் பாண்டிச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் பூர்வீக நாட்டார்.

போன மாதம் ஒரு நாள் கரண்ட் போயிருந்த நேரம், பையன் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனை நீட்டி, "அத்தை, எல்லாம் போச்சு" என்றான். வாங்கிப் பார்த்தேன். செகெஸ்டாவைப் பிடித்த கையோடு மெடியோலானத்தையும் பட்டாவியத்தையும் பிடித்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு டர்னுக்குள் ஐந்து ஊர், கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாகப் பிடித்த ஊர்க்காரன் நம்மைச் சொந்தக்காரனாகவா பார்ப்பான், ஊர் மக்களின் மனநிலையைக் காட்டும் முகப்படம் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவப்பாகிவிட்டது. காவலுக்கு விட்டது ஊருக்கு ஒரு படை. கலகம் வெடித்து ஒரு ஊர் போக, அதை மீட்க அரேட்டியத்திலிருந்த ஆட்களைக் கிளப்பியிருக்கிறான், அந்தப் பக்கம் காலியர் படை காலியாகக் கிடந்த தலைநகருக்கே வந்து நிற்கிறது. கஜானாவில் கழித்தல் குறி.

"தூதுவன் எங்கேடா?" என்று கேட்டேன். "அது எதுக்கு அத்தை, காசு தண்டம்" என்றான். மொத்த ஆட்டத்திலும் ஒரு தூதுவனைக்கூட அவன் தயார் பண்ணவில்லை.

இந்தத் தூதுவனைப் பற்றித்தான் அந்த வாசகருக்குச் சொல்ல விரும்புகிறேன். இப்போது வரும் பல விளையாட்டுகளில் மெனுவைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் பேச்சுவார்த்தை நடந்துவிடும். இதில் அப்படி இல்லை. ஊரில் ஆளைத் தயார் செய்து, வரைபடத்தில் அவனை நடக்க வைத்து, ஆறு மலையெல்லாம் சுற்றிக்கொண்டு அடுத்தவன் ஊர் வாசலுக்கோ படைக்கோ போய்ச் சேர வேண்டும், அதற்கே நாலைந்து டர்ன் ஓடிவிடும். அப்புறம்தான் ஓலை விரியும். வியாபார உரிமை, நட்பு உடன்படிக்கை, போர் நிறுத்தம், கப்பம் எல்லாம் அதில் இருக்கும். என் வழக்கம் இது: முதல் டர்னிலேயே ஒரு தூதுவனை வடக்கே காலியரிடம் அனுப்புவேன், இன்னொருவனைக் கிரேக்கர் பக்கம். பார்க்கிறவர்களிடம் எல்லாம் வியாபார உரிமை. கூடவே நம் வரைபடத்தை விலைக்குக் கொடுப்பது. நாம் நடந்து பார்த்த ஊர்களின் படத்துக்கு அவர்கள் கைநிறையக் காசு கொடுப்பார்கள், நமக்கு ஒரு செலவும் இல்லை. அந்தக் காசில் சாலை, வயல், துறைமுகம் போட்டு, மெடியோலானத்தை விட்டுப்பிடித்தால் அது கையில் நிற்கும்.

காலியரோடு போட்ட நட்பு நிலைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காரணமே இல்லாமல் ஒரே ஒரு கப்பலைக் கொண்டுவந்து நம் துறைமுகத்தை மறித்து உடன்படிக்கையை முறித்துவிடுவார்கள். கம்ப்யூட்டரின் மூளை அவ்வளவுதான். ஆனால் அதற்குள் கிடைக்கிற எட்டுப் பத்து டர்ன் போதும்.

சண்டையே போடாமல் காசு கொடுத்து ஊரை வாங்கவும் தூதுவனால் முடியும். கடலூர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன? தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியதோடு, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடிக்குப் பெயர் வந்த கதையாக ஊரில் இதைத்தான் சொல்வார்கள். எந்த விளையாட்டிலும் இப்படி ஒரு பேரத்தை நான் முடித்ததில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அந்த வாசகர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஊரைப் பிடித்ததும் திரையில் மூன்று வழி வரும்: சும்மா எடுத்துக்கொள்வது, மக்களை அடிமையாக்குவது, கூண்டோடு கொல்வது. மூன்றாவதை அழுத்தினால் காசும் வரும், ஊரும் உடனே அடங்கும். கொடுமைக்குப் பரிசு கொடுக்கிற அந்தக் கணக்கு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. பையன் மெடியோலானத்தில் அதைத்தான் அழுத்தியிருந்தான். "அது வெறும் நம்பர் அத்தை" என்றான், அன்றைக்கு அவனோடு நான் சரியாகப் பேசவில்லை.

எனக்கு உண்மையான குறை வேறு. ஆட்டத்தின் வரைபடம் பாரசீகத்துப் பக்கமே முடிந்துவிடுகிறது, நம் பக்கம் அதில் இல்லை. ஆட்டம் கி.பி. 14-ல் முடியும். அந்தக் காலத்தை ஒட்டித்தான், பையன் காலியாக விட்ட அதே அரேட்டியம் ஊரின் சிவப்புத் தட்டுகள், அடியில் குயவன் முத்திரை குத்தியவை, கப்பலேறி அரிக்கமேட்டுக்கு வந்தன. தொல்லியல் அறிஞர் வீலர் 1945-ல் அங்கே தோண்டி, அந்த ஓடுகளை வைத்துத்தான் இடத்தின் காலத்தைச் சொன்னார். கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்கினால் எட்டி நடக்கிற தூரம். அரேட்டியத்தில் இருபது வருஷமாக விளையாடுகிறேன், அந்த ஊர்ச் சட்டியின் ஓட்டை முதலில் பார்த்தது பாண்டி மியூசியத்தில்தான்.

நம் பக்கத்துக் கதையும் இந்த ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். இங்கே கடலில் கலக்கும் தென்பெண்ணையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் ஊர். சேர சோழ பாண்டியர் மூவருக்கும் நடுவில் ஒரு சின்ன நாடு. மூவரும் துணைக்கு வா என்று ஆளனுப்பிப் பொருள் கொடுக்க, அதைப் பரிசில் கேட்டு வந்தவர்களுக்கே அள்ளிக் கொடுத்துவிடுவானாம், உனக்கென்று மிச்சம் உன் மனைவியின் தோள்தான் என்கிறார் கபிலர். தகடூர் அதியமான் கோவலூரை அடித்தபோது காரி சேரன் பக்கம் போனான், சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைக் கொன்றான், கடைசியில் அதே சேரன் தகடூரையும் வீழ்த்தினான். எவன் யாரோடு சேர்ந்தான், எப்போது என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? அந்த அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டினான். உன் வேல்கள் நெய் பூசி மயிற்பீலி சாத்தி அழகாக இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றாராம். பத்து டர்ன் நடத்த வேண்டிய பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

விளையாட்டுகளைத் தடை செய்யச் சொல்வதை விட, கோவலூரிலிருந்து ஆரம்பிக்கிற ஒரு விளையாட்டை எழுத இங்கே கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளைக் கேட்கலாம். உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தத் தூதுக் கதையைப் படத்தோடு போட்டாலும் நன்றாக இருக்கும்.

பையன் ஆட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். இப்போது பதினாலாவது டர்ன், புதிதாகப் பிடித்தது செகெஸ்டா மட்டும், இரண்டு தூதுவர்கள் வெளியே. நேற்று கடைக்கு வந்து, காலியர்கள் நட்புக்குப் பணம் கேட்கிறார்கள், கொடுக்கவா என்றான். வரிசையில் ஆறு பேர் ஆதார் நகலுக்கு நின்றிருந்தார்கள். சேவ் பண்ணி வை, சாயந்தரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்