அண்ணப் பிளவுக்குக் குருத்தணு வரும்வரை பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்

மத்திய, ஊவா மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், தோட்ட வைத்தியசாலைப் பொறுப்பாளர்களுக்கும், குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

"ஒப்பரேசன் இல்லாம ஸ்டெம் செல் ஊசியால அண்ணத்து ஓட்டைய மூடிடலாமாமே, அதுவரைக்கும் பொறுத்திருக்கலாமா?" அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, பிளந்து பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் கைபேசியில் காணொளி பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிறார்கள். ஹட்டனில் கேட்டாலும் பதுளையில் கேட்டாலும் இதற்கு ஒரே பதில் கிடைக்க வேண்டும். பொறுக்கக் கூடாது. எலும்பு போன்ற வேறு கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல் என்கிற குருத்தணுவுக்கு இந்தச் சிகிச்சையில் ஓர் இடம் உருவாகி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது பெற்றோர் நினைக்கும் இடமும் அல்ல, நினைக்கும் வயதும் அல்ல.

அண்ணத்தை மூன்று பகுதியாகப் பார்த்தால் விஷயம் தெளியும். முன்னால் பல் முளைக்கும் முரசெலும்பு. நடுவில் வன்னண்ணம். பின்னால், பேசும்போது மேலெழுந்து மூக்கு வழியை அடைக்கும் மென்னண்ணம். கலங்களைக் கொண்டு உடல் இழையத்தை வளர்க்கும் இழையப் பொறியியல் இந்த மூன்றிலும் ஒரே தூரம் முன்னேறவில்லை.

மென்னண்ணத்தில் அடிப்படைச் சிக்கல் தசைதான். பிளவுள்ள பிள்ளைக்கு அண்ணத்தைத் தூக்கும் தசை குறுக்கே ஓடாமல் முன்பின்னாக ஓடி, எலும்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதை அங்கிருந்து விடுவித்து, பின்னுக்குத் திருப்பி, இரு பக்கத்தையும் நடுவில் இணைப்பதே சத்திரசிகிச்சையின் உயிர்நாடி. நரம்போடு சேர்ந்து சுருங்கும் அப்படியொரு தசையை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பிள்ளைக்கு வைப்பது இன்று உலகில் எங்கும் வழக்கமான சிகிச்சை இல்லை. ஆகவே முதல் ஒப்பரேசனுக்கு மாற்றாகக் குருத்தணுவைச் சொல்லவே முடியாது.

அந்த ஒப்பரேசனுக்கு வயதும் முக்கியம். உதடும் பிளந்திருந்தால் அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம். 10 கிழமை வயது, 10 இறாத்தல் நிறை, 10 கிராம் ஹீமோகுளோபின் என்ற பழைய கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. அண்ணத்துக்கு வழமையாக 9 முதல் 12 மாதம். ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. 6 மாதத்தில் அண்ணம் மூடப்பட்ட பிள்ளைகளில் 8.9 வீதத்தினருக்கும், 12 மாதத்தில் மூடப்பட்டவர்களில் 15 வீதத்தினருக்கும் ஐந்து வயதில் மூக்கு வழி சரியாக அடைபடவில்லை. அதற்காக நிறை குறைந்த நம் பிள்ளைகளை ஆறாம் மாதத்தில் மேசைக்கு ஏற்றுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஆய்வில் இருந்தவை ஆரோக்கியமான குழந்தைகள். காலதாமதத்தின் விலை பேச்சில் தெரியும் என்பதற்கே இதைச் சொல்கிறோம்.

வன்னண்ணத்தின் கதை வேறு. இலங்கையில் ஒப்பரேசனே செய்யாமல் பிளவோடு வளர்ந்த ஆண்களைப் பல்சீராக்க வைத்தியர் மைக்கேல் மார்ஸ் குழுவினர் அளந்து 1990இல் எழுதினார்கள். அவர்களின் மேல்தாடை ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்திருந்தது. முகத்தின் நடுப்பகுதி குழிந்து போவதில் பிளவை விட வெட்டிய தழும்புக்கே பெரிய பங்கு என்பதை உலகம் இந்த நாட்டு வாய்களிலிருந்து கற்றுக்கொண்டது. அண்ணத்தை நடுவுக்கு இழுக்கும்போது இரு ஓரத்திலும் எலும்பு மூடாமல் விடப்படுகிறது. அங்கே படியும் தழும்பு வளர்ச்சியைக் கட்டிப்போடுகிறது. அந்த இடத்தைக் கலங்களோடு வளர்த்த சளிச்சவ்வால் போர்த்தலாமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வி. ஆனால் பிளவையே மூடாமல் விட்டால் பேச்சுப் போய்விடும். தாடை வளர்ந்து பேச்சு இல்லாமல் போவது இலாபம் இல்லை.

உண்மையான வாய்ப்பு முரசெலும்பில் இருக்கிறது. 8 முதல் 11 வயதுக்குள், வேட்டைப்பல்லின் வேர் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு உருவாகியிருக்கும்போது, பிளவில் எலும்பு நிரப்ப வேண்டும். பல் அந்த எலும்புக்குள் இறங்கி வந்தால்தான் எலும்பு நிலைக்கும். வராவிட்டால் கரைந்துவிடும். இன்றைய நடைமுறை, இடுப்பெலும்பின் உள்ளிருக்கும் பஞ்சுபோன்ற எலும்பை எடுத்து நிரப்புவது. ஒரு பக்கப் பிளவுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு கன சென்ரிமீற்றர்தான். ஆனால் பிள்ளை சில நாள் நொண்டும்.

அந்த இடுப்புக் காயத்தைத் தவிர்க்கவே குருத்தணு. இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் சில மில்லிலீற்றர் மச்சையோ, விழும் நிலையிலுள்ள பாற்பல்லின் கூழோ எடுக்கப்படும். 37 பாகையில், 5 வீதக் காபனீரொட்சைட்டில் மூன்று நான்கு கிழமை வளர்ப்பார்கள். பிறகு கிருமி இல்லை என்பதற்கும், வளர்ந்தவை சரியான கலங்கள்தான் என்பதற்கும் சோதனை. கலத்தின் மேற்பரப்பில் சி.டி. 73, 90, 105 என்ற புரத அடையாளங்கள் இருக்க வேண்டும், 34உம் 45உம் இருக்கக் கூடாது. தேறிய கலங்களைக் கொலாஜனும் கல்சியம் பொசுபேற்றும் சேர்ந்த சாரத்தில் ஏற்றுவார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான். எலும்பு வளர்ந்ததும் சாரம் கரைய வேண்டும். அதன் துளைகள் இரத்தக் குழாய் நுழையும் அளவில், சில நூறு மைக்ரோமீற்றர் இருக்க வேண்டும்.

தவறிப்போவதும் இங்கேதான். குழாயிலிருந்து 200 மைக்ரோமீற்றருக்கு அப்பால் உள்ள கலத்துக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. ஓரம் உயிரோடு இருக்க நடு செத்துப்போகும். மூக்குத் தளத்தைத் தண்ணீர் புகாதபடி தைக்காவிட்டால் சளியும் எச்சிலும் உள்ளே போய் எல்லாம் சீழாகும். சொத்தைப் பல் பக்கத்தில் இருந்தாலும் அதே கதி. பெறுபேறுகளும் சமமாக இல்லை. ஜப்பானில் 2006இல் எழுதப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமியின் பிளவு ஒன்பது மாதத்தில் ஏறத்தாழ 79 வீதம் நிரம்பியது. ஈரானில் 2009இல் எழுதப்பட்ட இரண்டு பேருக்கோ நான்கு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்குமே. ஒருவர், இருவர் கணக்கை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது. எலும்பு வளர்க்கும் பி.எம்.பி.-2 புரதத்தைக் கேட்பவர்களும் உண்டு. அது 2002இல் அமெரிக்காவில் பெரியவர்களின் முள்ளந்தண்டுக்கு அனுமதி பெற்ற பொருள். எலும்பு வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு அந்த அனுமதி இல்லை. வீக்கமும் கடுமையாக வரும்.

இன்னொன்று. விழுந்த பாற்பல்லைத் தகரக் கூரையில் எறிவது நம் வழக்கம். எறியட்டும், சந்தோஷம்தான். ஆனால் தாளில் சுற்றி அலுமாரியில் வைத்த பல்லில் உயிருள்ள கலம் எதுவும் இருக்காது. அதை வைத்து யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று கிளினிக்கிலேயே சொல்லுங்கள்.

மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கலை நிர்வாகம் இப்போதே யோசிக்க வேண்டும். வளர்த்த கலம் குளிர்ப்பெட்டியில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். லயத்து அறையில் விறகுப் புகையும் ஈரமும் சேர்ந்து, ஒப்பரேசன் தினத்தன்று இருமலோடு வரும் பிள்ளை புதிதல்ல. மயக்க மருந்து வைத்தியர் இரண்டு மூன்று கிழமை தள்ளிப்போடுவார். இடுப்பெலும்பு காத்திருக்கும், கலம் காத்திருக்காது. மழையில் மண் சரிந்து கினிகத்தேனைப் பாதை மூடப்பட்டாலும் இதே நிலைதான். ஆகவே எதிர்காலத்தில் பேராதனையிலோ கொழும்பிலோ ஒரு பரிசோதனைச் சிகிச்சை தொடங்கினால், திரவ நைதரசனில் உறைய வைத்த இருப்பும், தோட்டப் பிள்ளையைத் தாயோடு ஒரு கிழமை முன்னதாகத் தங்கவைக்கும் இடமும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். தாய்க்கு அந்த நாட்களில் பேர் விழாது, அதாவது நாட்கூலி கிடைக்காது. அதற்கும் வழி வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிகிச்சைக்கு நகரத்துப் பிள்ளைகள் மட்டுமே சேர்வார்கள்.

அப்படித் தொடங்கும் எதுவும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதியப்பட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பெற்றோரிடம் காசு வாங்காமல் நடக்க வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது, வாயாலும் விளக்க வேண்டும்.

இனி உடனே செய்யக்கூடியவை. பிறந்த ஒவ்வொரு குழந்தையின் அண்ணத்தையும் விரலால் தடவிப் பார்த்தால் போதாது. டோர்ச் வெளிச்சத்தில், நாக்கை அழுத்தி, உள்நாக்கு வரை பார்க்க வேண்டும். உதடு பிளக்காமல் அண்ணம் மட்டும் பிளந்த குழந்தை கர்ப்பகால ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது, பிறகும் தவறிப்போகும். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால் சவ்வுக்கு அடியில் தசை பிளந்திருக்கலாம். கிரகணத்தில் தாய் காய் நறுக்கியதால் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். தாயைக் குற்றவாளியாக்கும் அந்தப் பேச்சை அன்றே நிறுத்துங்கள்.

முலையில் உறிஞ்ச முடியாத குழந்தைக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலை அழுத்தக்கூடிய மென்மையான போத்தலிலோ பாலாடையிலோ கொடுக்கலாம். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், ஒரு வேளைப் பால் அரைமணிக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் குடித்த சக்தி குடிப்பதிலேயே செலவாகிவிடும். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறாவிட்டால் கிழமைக்கொரு முறை நிறுங்கள்.

பேச்சுச் சிகிச்சை தமிழில் வேண்டும். மூக்கு வழி அடைபடாத பிள்ளை "அப்பா" என்றால் "அம்மா" என்று கேட்கும், "பாட்டி" "மாண்ணி" ஆகும். க, ச, ட, த, ப ஆகியவற்றின் வல்லோசையை வீட்டு மொழியில் சோதிக்காமல் மதிப்பிட முடியாது. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்ப்பவருக்கு இந்த ஐந்து எழுத்தையும் கவனிக்கக் கற்றுக்கொடுத்தால், தவறிய பிள்ளைகளும் அகப்படுவார்கள். காதையும் பாருங்கள், இவர்களுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டுவது சாதாரணம்.

கடைசியாக, ஏழு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்து, வேட்டைப்பல்லின் நிலையை எழுதிய ஒரு பதிவேட்டை மாவட்ட மட்டத்தில் வைத்திருங்கள். தோட்டம் மாறிப் போகும் குடும்பத்தோடு அந்தப் பிள்ளையின் பதிவேட்டுப் பக்கமும் போக வேண்டும். இடுப்பெலும்பால் நிரப்பினாலும் நாளை குருத்தணுவால் நிரப்பினாலும், யாரை எப்போது அழைப்பது என்பது அந்தப் பதிவேட்டில்தான் தெரியும்.

இப்படிக்கு,
மலையகத்தில் அண்ணப் பிளவுப் பராமரிப்பில் பணியாற்றும் பல் வைத்தியர்கள், தாதியர், பேச்சுச் சிகிச்சையாளர்கள்